சாப்பாட்டுராமன் நகர்வலம்

முன்னாளில் அரசர்கள் இரவு நேரத்தில் மாறுவேடம் பூண்டு நகர்வலம் வந்தார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறோம். குடிமக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிவது அவர்கள் நோக்கம். என்ன சாப்பிடுகிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்திருந்தால் அதைவிட அதிகம் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். எனக்கு அரசும் இல்லை, மாறுவேடமும் வேண்டியதில்லை. ஒரு பேருந்துச் சீட்டும் நல்ல பசியும் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு நாளாவது சென்னையில் பழகாத தெரு ஒன்றில் இறங்கி, எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அந்தக் கடையில் நானும் போய் நிற்பது என்று பல ஆண்டுகளாக ஒரு நோன்பு நோற்று வருகிறேன். நோன்பு என்றால் உண்ணாமல் இருப்பதல்லவா என்று கேட்பீர்கள். இது உண்டு நோற்கும் நோன்பு.

உறவினர்கள் எனக்குச் சாப்பாட்டுராமன் என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை மறுத்ததில்லை. ‘வீட்டில் மணக்க மணக்க ரசம் இருக்க, வெளியில் போய் என்ன கண்டீர்?’ என்று அவர்கள் கேட்கும்போது மட்டும் ஒரு விடை சொல்வதுண்டு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே யார் இருப்பார் என்பது முன்கூட்டியே தெரியும். அவர் என்ன பேசுவார் என்பதும் பெரும்பாலும் தெரியும். கடையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலிக்கு யார் வருவார் என்று தெரியாது. வருகிறவர் கொத்தனாராக இருக்கலாம், நீதிமன்றக் குமாஸ்தாவாக இருக்கலாம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்ப் பெரியவராக இருக்கலாம். இட்லிக்கும் வடைக்கும் கொடுக்கிற காசில் பாதி இந்த எதிர் நாற்காலிக்காகவே கொடுக்கிறேன் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்.

முதலில் திருவல்லிக்கேணிக்குப் போவோம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலைக்கும் படிப்புக்கும் வந்த ஆண்கள் அறைக்கு மூவராகவும் நால்வராகவும் தங்கியிருக்கும் ‘மேன்ஷன்’கள் நிறைந்த பகுதி அது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அடுப்பில்லாத ஒரு பேட்டையில் மெஸ்கள் தோன்றுவது இயற்கைதானே? பகல் பன்னிரண்டரை மணிக்கு அங்கே ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தால், சாப்பிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவர் நிற்பதைக் காணலாம். முன்னவர் மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்பதைப் பின்னவர் கண் இமைக்காமல் கவனிப்பார். புதிதாக வந்தவருக்கு இது கூச்சத்தைத் தரும். முதுகில் ஒருவர் பார்வை பட்டுக்கொண்டிருக்கும்போது அப்பளத்தை நொறுக்கவே கை தயங்கும். நாலு நாளில் பழகிவிடும். எனக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞர் ஒரு முறை பொறுக்கமாட்டாமல், “சார், வத்தக்குழம்பு வேண்டாம்னு சொல்லிடாதீங்க. இன்னிக்கு அதுதான் விசேஷம்” என்றார். அவர் அவசரம் எனக்கு இடம் காலியாக வேண்டும் என்பது. ஆயினும் நல்ல குழம்பை நான் தவறவிட்டுவிடக் கூடாது என்ற கவலை அந்த அவசரத்தையும் மீறிவிட்டது. அவர் சொல்லைக் கேட்டு இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அவர் இன்னும் ஐந்து நிமிடம் நின்றார்.

அதே திருவல்லிக்கேணியில் 1948ஆம் ஆண்டிலிருந்து ரத்னா கபே என்னும் சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. அங்கே இட்லியைச் சாம்பாரில் தொட்டுக்கொள்வதில்லை. சாம்பாருக்குள் இட்லி குடியிருக்கிறது. தட்டில் இட்லியை வைத்து, அது மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றிவிடுகிறார்கள். பாதி சாப்பிடுவதற்குள் சாம்பார் வற்றினால் மறுபடியும் வந்து ஊற்றுகிறார்கள். அந்தக் கடையைத் தொடங்கிய குடும்பம் வடநாட்டிலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சென்னைக்காரர்கள் தம்முடையது என்று மார் தட்டிக்கொள்ளும் சாம்பார் இட்லிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் வடநாட்டாரும் உண்டு. மற்றொரு புகழ்பெற்ற மரபு தென் கன்னடத்து உடுப்பியிலிருந்து வந்தது. கிருஷ்ணராவ் என்பவர் அந்தப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, சமையற்கட்டில் எடுபிடியாக வேலை செய்து, பின்னாளில் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். வெல்லம் சிறிதே கலந்த உடுப்பிச் சாம்பாரை இனிப்பென்று இகழ்வோர் உண்டு. எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. சாம்பார் சூடாயிருந்தால் அதன் சாதகத்தைப் பார்க்க எனக்கு நேரமிருப்பதில்லை.

சமைத்த உணவைக் கடையில் வைத்து விற்பது நம் நாட்டுக்குப் புதிதா? புதிதன்று. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருந்தார்கள். மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு வரை கடை விரித்திருந்த அப்ப வணிகர்கள் களைத்து உறங்குவதையும் புலவர் பார்த்துவிட்டார். மாங்குடி மருதனாரும் நகர்வலம் வந்தவர்தாம் போலும்! ஆனால் இடைக்காலத்தில் எப்படியோ, சோற்றை விலைக்கு விற்பது தகாது என்ற எண்ணம் ஊர்களில் வேரூன்றியது. வழிப்போக்கருக்குச் சத்திரம் உண்டு. உறவு உள்ளவருக்கு உறவினர் வீடு உண்டு. அவ்விரண்டிலும் சாதி பார்த்துத்தான் இலை விழும். யார் சமைத்தார், யார் பரிமாறினார், பந்தியில் பக்கத்தில் யார் என்பவையெல்லாம் உப்பு புளியைவிட முக்கியமாக இருந்தன.

ரயில் வந்தது, நகரம் பெருத்தது, காபி வந்தது. காபி கிளப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. காசு கொடுத்தால் காபி என்பது எளிய ஏற்பாடு. எனினும் அதற்குள்ளும் பழைய வேலியைக் கொண்டுவந்து நட்டார்கள். ‘பிராமணாள்’ என்ற சொல் பெயர்ப்பலகையில் ஏறியது. உள்ளே ஒரு சாராருக்குத் தனி இடம் ஒதுக்கிய விடுதிகள் இருந்தன. தாழ்த்தப்பட்டோர் வாசற்படியையே மிதிக்க முடியாத இடங்கள் பல. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் பிராமணருக்கு ஒரு பகுதி, ஏனையோருக்கு ஒரு பகுதி என்று பிரித்திருந்தார்கள். ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் வேறு வேறு கதவுகளில் நுழைந்து சாப்பிட்டார்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் அந்தப் பிரிவினை நீங்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்தவர்கள் அதன் 15ஆம் பிரிவை நினைவுகூர்வார்கள். மதம், சாதி முதலியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நாட்டின் தலையாய சட்டத்தில் நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இடம் இருப்பது போலவே ஓட்டலுக்கும் ஓர் இடம் இருக்கிறது. சாப்பாட்டுராமர்கள் இதை எண்ணிப் பெருமை கொள்ளலாம்; ஏன் அப்படி எழுத வேண்டி வந்தது என்று எண்ணினால் பெருமை கொஞ்சம் குறையும்.

சட்டம் வந்த பின்பும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன்னால், பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கக் கோரிப் பெரியார் மறியலைத் தொடங்கி வைத்தார். மாதக்கணக்கில் தொண்டர்கள் வந்து வந்து கைதானார்கள். முடிவில் அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கிற்று. இன்று அந்தத் தெருக்களில் நடக்கும்போது, என் இலைக்குப் பின்னால் நின்று வத்தக்குழம்பைப் பரிந்துரைத்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்வேன். அவர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சாதி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருவருக்கும் நேரமும் இல்லை. இலைதான் காலியாக வேண்டியிருந்தது.

சரி, வரலாறு வயிற்றை நிரப்பாது. மயிலாப்பூருக்கு வாருங்கள். கபாலீசுவரர் கோயிலுக்கு அருகே ஒரு தெருவில் ‘ஜன்னல் கடை’ என்று ஒன்று உண்டு. பெயர் அலங்காரமன்று, பழைய வீடொன்றின் ஜன்னல்தான் கடை. கம்பிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை பொங்கலும் வடையும் பஜ்ஜியும் நீட்டும். வெளியேயிருந்து ஒரு கை காசு நீட்டும். நாற்காலி இல்லை, மேசை இல்லை. தெருவிலேயே நின்று, மாடு ஒன்று நெருங்கி வந்தால் ஓரடி தள்ளி நின்று, சாப்பிட வேண்டும். தெற்கே பார்த்து நிற்பவர் சட்டினியை வடக்கே பார்த்து நிற்பவர் சட்டையில் சிந்துவதும் உண்டு. பொங்கலில் மிளகு பல்லில் அகப்படும் நேரத்தில் கோயில் மணி அடித்தால் அதைவிட என்ன வேண்டும்? வேண்டுமானால், கிழக்கு மாட வீதியில் காளத்தி கடையில் ஒரு குவளை ரோஸ்மில்க் வேண்டும். பத்திரிகை விற்கும் கடையில் பாலும் விற்கிறார்கள். அதன் நிறத்தைக் கண்டு அஞ்சாமல் குடிக்க வேண்டும்.

வடக்கே சௌகார்பேட்டை தனி உலகம். வட்டிக்கடை வைத்திருந்த சௌகார்களால் பெயர் பெற்ற பேட்டை. அங்கே தங்கசாலைத் தெருவில் மாலை ஆறு மணிக்குமேல் நடப்பதென்றால் முழங்கையால் நீந்த வேண்டும். ராஜஸ்தானத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறார்கள். அவர்கள் ஜிலேபி கொதிக்கும் நெய்யில் சுருண்டு விழுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். நான் சொல்ல வந்தது ஜிலேபியைப் பற்றியன்று. அந்தத் தெருக்களில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே காய்கறி வைப்பது ஐரோப்பியர் வழக்கம். இவர்கள் ரொட்டியை எடுத்துவிட்டு நம் ஊர் முறுக்கு இரண்டை வைத்து, நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், வடநாட்டுப் புதினாச் சட்டினி எல்லாம் வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் யோசனை, மார்வாடியின் சட்டினி, தமிழ்நாட்டின் முறுக்கு. கடித்தவுடன் நொறுங்கி மூன்றும் சட்டையில் விழும். இதை நாகரிகமாகச் சாப்பிடும் முறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பட்டுப் புடவை உடுத்திய ஒரு பெரிய வீட்டம்மாளும், மூட்டை சுமக்கும் ஒருவரும், நானும் ஒரே குப்பைக் கூடையைச் சுற்றி முன்பக்கம் குனிந்து நின்று சாப்பிட்டோம். அந்த நிலையில் ஒருவர் மற்றவரைவிட மேலானவர் என்று காட்டிக்கொள்வது கடினம்.

அங்கிருந்து துறைமுகத்தின் பக்கம் நடந்தால் பர்மா பஜார் வரும். அதை ஒட்டிய தெருக்களில் மாலையில் தள்ளுவண்டிகளில் ‘அத்தோ’ விற்கிறார்கள். பர்மிய மொழியில் கலந்து பிசைந்த உணவுக்கு வழங்கும் சொல் நம் நாவில் அத்தோ ஆயிற்று. பெரிய தாம்பாளத்தில் மஞ்சள் நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு பிடி அள்ளி, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசும் வெங்காயமும் போட்டு, புளிக்கரைசலும் மிளகாய்த் தூளும் பூண்டு வறுத்த எண்ணெயும் விட்டு, மொறுமொறுவென்ற பேஜோவை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து கொடுப்பார். ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும். கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் புளியும் அடைத்து ஒரே வாயில் போடச் சொல்வார்கள். போட்டால் இரண்டு நிமிடம் பேச முடியாது. வானொலியில் பேசுகிறவர்கள் பேச்சுக்கு முன்னால் இதைச் சாப்பிடலாகாது.

இந்தப் பண்டம் இங்கே எப்படி வந்தது? தமிழர் பலர் பர்மாவுக்குப் போய் வணிகமும் கூலி வேலையும் செய்து அங்கேயே வேரூன்றியிருந்தார்கள். 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளும் வணிகமும் அரசுடைமையாக்கப்பட்டன. வாழ்வு இழந்தவர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நகைநட்டைக்கூட முழுதும் கொண்டுவர முடியாத நிலை. நாவில் இருந்த சுவையை எந்தச் சுங்க அதிகாரியும் பறிமுதல் செய்ய முடியவில்லை. 1969இல் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜார் எழுந்தது. வியாசர்பாடியில் குடியிருப்புகள் வந்தன. தமிழ்நாட்டுக்கு வந்த தமிழர்கள், தம் தாய்நாட்டிலேயே வெளிநாட்டு உணவு விற்றுப் பிழைத்தார்கள். ஒரு வண்டிக்கடையில் பிசைந்து கொடுத்த முதிய அம்மையார் ஒருவரிடம், “அம்மா, ரங்கூனிலும் இதே ருசிதானா?” என்று கேட்டேன். “அங்க மீன் வாசம் தூக்கலா இருக்கும், தம்பி. இங்க வந்து ஆளுங்களுக்காகக் கொறைச்சோம். இப்ப நான் அங்க போய்ச் சாப்பிட்டா எனக்கே புடிக்குமோ என்னமோ” என்றார். சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பிசையத் தொடங்கினார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. கையில் வேலை இருந்தது.

அண்ணா சாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951இல் தொடங்கிய புகாரி விடுதி அங்கே இருக்கிறது. சிக்கன் 65 என்ற பண்டம் 1965இல் தம்மிடம் பிறந்தது என்பது அவர்கள் கூற்று. அந்த எண்ணுக்கு மக்கள் சொல்லும் பொருள்களோ பல: 65 மிளகாய், 65 நாள் குஞ்சு, விலைப்பட்டியலில் 65ஆவது வரி என்றெல்லாம். அறுபத்துமூவரை அறிந்த ஊரில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமில்லை.

அதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் கதீட்ரல் சாலையில், தோட்டக்கலைச் சங்கத்து மரநிழலில், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கிற்று. 1962 முதல் 2008 வரை அது நடந்தது. காரில் வந்தவர்களுக்குக் கார்க் கதவிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். காரில்லாதவர்களும் போகலாம், ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு, எழுந்திரு என்று யாரும் சொல்லாமல், நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம். எழுத்தாளர்களும், வேலை தேடுவோரும், காதலர்களும், ஓய்வு பெற்றோரும் அந்த ஒரு காபியின் விலைக்கு ஓர் அரண்மனைத் தோட்டத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அவ்விடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது, 2010இல் திறந்தார்கள். செடிகொடிகள் அழகாகத்தான் இருக்கின்றன. காபிதான் இல்லை.

ரமலான் மாதத்தில் மீண்டும் திருவல்லிக்கேணிக்குப் போவது என் வழக்கம். 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் மாலை நேரத்தில் நோன்பு திறக்கப் பல நூறு பேர் வரிசையாக அமர்வார்கள். அவர்களுக்குப் பரிமாறுகிறவர்களைப் பாருங்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்த ஓர் இந்து அன்பர் தொடங்கிய சூஃபிதார் என்னும் அறநிலையத்தார், மயிலாப்பூரில் சைவ உணவு சமைத்து எடுத்து வருகிறார்கள். நெடுங்காலமாக நடந்துவரும் தொண்டு இது. தொண்டர்கள் தலையில் குல்லாய் அணிந்து தாமே குனிந்து பரிமாறுகிறார்கள். ஒரு பெரும் வெட்டுப்பழியின்போது ஊரையிழந்து வந்தவர்கள் செய்யும் செயல் இது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த மாலை வேறு மாதிரி இருக்கும். வெளியே தெருவில் நோன்புக் கஞ்சி மணக்கும். பாயிடம் கேட்டால் எனக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும். நோன்பு நோற்றீர்களா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்களைத் தொடங்கினார்கள். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சுவையைப் பற்றிச் சுவைஞர்கள் குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். நான் போன நாளில் இட்லி பஞ்சு போல இருந்தது, சாம்பார் நீர்த்திருந்தது. ஆனால் உயரமான மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டவர்களைப் பார்த்தேன். மருந்துப் பையைத் தோளில் மாட்டிய விற்பனையாளர் ஒருவர். சிமெண்டுத் தூள் படிந்த கைகளை நன்றாகக் கழுவிவிட்டு வந்த இருவர். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே எங்கோ தவறிவிட்டவர் போன்ற ஒரு பாட்டி. விற்பனையாளர் தம் தட்டைத் தள்ளி வைத்துப் பாட்டிக்கு இடம் விட்டார். பாட்டி இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, இரண்டைத் தூக்குச் சட்டியில் வைத்துக்கொண்டார். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

இத்தனையும் சொன்ன நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியில், வண்ணம் அடிக்கும் வேலையிலிருந்து நேரே வந்த ஒருவர் குளிரூட்டிய கூடத்தின் கதவைத் திறந்தார். சட்டையெல்லாம் நீலப் புள்ளிகள். உள்ளே நான்கு மேசைகள் காலி. மேற்பார்வையாளர் விரைந்து வந்து, “இங்கே இடமில்லை, அந்தப் பக்கம் போங்க” என்றார், மிகவும் மரியாதையாக. வந்தவர் காலி மேசைகளை ஒரு முறை பார்த்தார். அந்தப் பக்கம் போனார். பலகை எதுவும் தேவைப்படவில்லை. கிராமங்கள் சிலவற்றில் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை என்று செய்திகள் வரும்போது, நகரத்தார் தலையை அசைத்து வருந்துகிறோம். நம் குவளைகள் கண்ணாடிக் கதவுகளாக உருமாறியிருப்பதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் எழுந்து அந்தப் பக்கம் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். வீரச் செயல் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் அதே தோசை பதினைந்து ரூபாய் குறைவு, சூடும் அதிகம்.

இப்போது நகரத்தில் பலர் கடைக்கே போவதில்லை. கைப்பேசியில் விரலை வைத்தால் கடை வீட்டுக்கு வருகிறது. முதியோருக்கும் நோயாளிக்கும் இரவு வேலைக்காரருக்கும் இதனால் பெரும் நன்மை, மறுக்கமாட்டேன். எனக்குத் தோன்றிய ஐயம் வேறு. ஊருக்கெல்லாம் உணவு சுமக்கும் அந்த இளைஞர்கள் தாம் எங்கே சாப்பிடுகிறார்கள்? இதைக் கண்டுபிடிப்பதே சென்ற மாதத்து நகர்வலமாக அமைந்தது.

வேளச்சேரியில் பிற்பகல் மூன்று மணிக்கு, வேப்பமரத்தடியில் ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. தட்டைக் கையில் ஏந்தியே சாப்பிடுவதால் இத்தகைய கடைகளுக்கு மக்கள் வைத்த பெயர் கையேந்தி பவன். தோசைக்கல்லில் நான்கு தோசைகள். பக்கத்தில் காரச் சட்டினி, ஒரு பாத்திரத்தில் குடல் குழம்பு. நானும் ஒரு தட்டை ஏந்தினேன். பக்கத்தில் நின்ற இளைஞருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், விழுப்புரத்துப் பக்கம் என்றார், பட்டம் படித்தவர். அவர் வண்டியின் பின்னாலிருந்த பெட்டியிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது.

“பசி வேளையில இந்த வாசனையோட போறது கஷ்டமா இல்லையா, தம்பி?” என்றேன்.

“முதல் வாரம் இருந்துச்சு சார். இப்ப வாசனை தெரியறதில்லை. மாடி ஏறறதுதான் கஷ்டம். சில அபார்ட்மெண்டுல நாங்க பெரிய லிஃப்டுல போகக் கூடாதும்பாங்க. சாமான் ஏத்தற லிஃப்டுல போகணும். அது வர்ற வரைக்கும் நின்னா நேரம் போயிடும். அதனால நடந்தே ஏறிடுவேன்.”

“எத்தனை மாடி?”

“இன்னிக்குக் காலையில ஒம்பது.” அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

வண்டிக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். அடுத்த தோசையைக் கல்லிலிருந்து எடுத்து, கேட்காமலே அந்த இளைஞர் தட்டில் போட்டு, குழம்பையும் ஒரு கரண்டி ஊற்றினார். “ஒம்பது மாடி ஏறினவனுக்கு ரெண்டு தோசை எப்படிடா பத்தும்?” என்றார். இளைஞர் சிரித்தார். அதற்குள் அவர் கைப்பேசி ஒலித்தது. தோசையை நாலாக மடித்து இரண்டு வாயில் முடித்து, கையைக் கழுவி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கும் வருவீங்களா சார்? நாளைக்கு மீன் குழம்பு போடுவாரு. நேத்தே சொல்லிட்டாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த நாள் போனேன். வஞ்சிரம் அன்று; சங்கரா மீன். அந்த இளைஞர் முன்னமே வந்து, தம் பக்கத்தில் சுவரோரமாக எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.